வீட்டை ஈடு வைக்க முன் மகளிடம் கேளுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் மகளோடு வந்திருந்தார். பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, இரண்டு தடவை எழுதியாயிற்று. கடைசிப் பெறுபேறு சி, சி, எஸ், அதாவது இரண்டு திறமைச் சித்தி, ஒரு சாதாரண சித்தி. மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் வராது. மூன்றாம் தடவை எழுத விடுவதா, ரொறொன்ரோ பெரியம்மா சொல்கிற மாதிரி வீட்டை ஈடு வைத்து ஜோர்ஜியாவுக்கு மருத்துவம் படிக்க அனுப்புவதா என்று கேட்டார். மகளிடம் உனக்கு என்ன விருப்பம் என்றேன். அறநெறிப் பாடசாலையில் சின்ன வகுப்புப் படிப்பிக்கிறேன், ஆசிரியராக வர ஆசை என்றாள். "டீச்சரா?" என்றார் தாய், ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவர் போல.

அம்மா, எல்லாம் சரிவரும் என்று சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். ஆனால் கணக்கைப் பார்ப்போம். ஆறு வருடக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாமே டொலரில். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது நினைவிருக்கும். ரூபாவில் கடன்பட்டு டொலரில் கட்டுவதில் உள்ள ஆபத்து அதுதான். படித்து முடித்து வந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடையாமல் இங்கே வைத்தியம் பார்க்க முடியாது. முகவர்களின் துண்டுப்பிரசுரத்தில் இந்த வரியைக் கண்ணாடி போட்டுத்தான் தேடவேண்டும். இவ்வளவும், பிள்ளை கேட்காத ஒரு படிப்புக்கு. வீட்டை ஈடு வைக்காதீர்கள்.

சிமா என்கிற கணக்கியல் படிப்பு, ஐடி, தனியார் பட்டம் பற்றிக் காலி வீதி நெடுக விளம்பரப் பலகை இருக்கிறது, அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வருவது தேசிய கல்வியியற் கல்லூரி, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் அரசாங்கக் கல்லூரி. நாடு முழுவதும் இருக்கின்றன. கொட்டகலைப் பக்கம் பத்தனையில் ஸ்ரீபாத, யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை என்று தமிழில் படிக்கவும் இடமுண்டு. படிப்புக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. முடித்தால் தேசிய கற்பித்தல் டிப்ளோமாவும் இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனமும்.

இவள் ஆரம்பக் கல்வி நெறிக்குப் போனால் உயர்தர உயிரியல் வீணாகுமா என்று கேட்டீர்கள். அங்கேதான் அது வேலை செய்யும். நம் பாடசாலைகளில் விஞ்ஞானம் தனிப் பாடமாக வருவது தரம் 6இல். அதற்கு முந்திய அடித்தளம் சுற்றாடல் பாடத்துக்குள் இருக்கிறது, அதை எடுப்பவர் ஆரம்பப் பிரிவு வகுப்பாசிரியர்.

ஒரு பயிற்சி ஆசிரியை பயறு முளைக்க வைக்கும் பாடம் எடுக்கிறாள் என்று வையுங்கள். ஈரப் பஞ்சில் போட்ட பயறு, ஒரு தட்டு ஜன்னலோரம், இன்னொன்று அலுமாரிக்குள். செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று காட்டத்தான் ஏற்பாடு. சில நாளில் அலுமாரியைத் திறந்தால் உள்ளே இருந்ததுதான் உயரம்! "டீச்சர், இருட்டில்தான் நல்லா வளருது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பாடக்குறிப்பில் எழுதிய முடிவு அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிடும். பிள்ளை பிழையாகப் பார்க்கவில்லை. தண்டு நீண்டிருப்பது உண்மை. விதையில் சேமித்திருந்த உணவை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது, அவ்வளவுதான். இங்கே ஒளித்தொகுப்பு, அதாவது செடி வெளிச்சத்தில் உணவு தயாரிப்பது, என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் தப்ப முடியாது. நிறம் என்ன, தண்டு எவ்வளவு மெல்லிசு, தொட்டால் நிற்குதா சாயுதா என்று கேட்டு, இரண்டு தட்டையும் இன்னும் ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வெளிறியது வாடி விழும்போது அந்தப் பிள்ளையே காரணம் தேடும்.

மின்குமிழ், பற்றரி, ஒரேயொரு கம்பித் துண்டு கொடுத்து எரிய வையுங்கள் என்றால், பெரும்பாலான பிள்ளைகள் பற்றரியின் ஒரு முனையை மட்டும் குமிழோடு தொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பயிற்சி ஆசிரியருக்குக் கை துருதுருக்கும், போய்ச் செய்து கொடுக்க. "மற்ற முனையில் என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பதற்குப் பயிற்சி வேண்டும். ரியூசனில் இது கிடைக்காது, அங்கே கேள்வியும் விடையும் சேர்த்தே அச்சடித்துக் கொடுப்பார்கள்.

குறையையும் சொல்லவேண்டும். சம்பளம் பெரிதில்லை. 2021இல் ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது சம்பள முரண்பாட்டுக்காகத்தான். முதல் நியமனம் கொழும்பில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், கஷ்டப் பிரதேசமாக இருக்கலாம். சில காலம் அரசாங்கத்துக்குச் சேவை செய்வதாக ஒப்பந்தமும் எழுதவேண்டும். இதையெல்லாம் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பட்டம் வேண்டுமென்றால் பிறகு மகரகம தேசிய கல்வி நிறுவகத்திலோ நாவல திறந்த பல்கலைக்கழகத்திலோ கல்விமாணி படிக்கலாம், வேலையிலிருந்தபடியே.

கல்வியியற் கல்லூரிக்கு எடுப்பது உயர்தரப் பெறுபேற்றையும் நேர்முகத் தேர்வையும் பார்த்து. வர்த்தமானி அறிவித்தல் வந்ததும் தகைமைகளை வரி வரியாக வாசித்து விண்ணப்பத்தை மகளே நிரப்பட்டும். நேர்முகத்தில் ஏன் ஆசிரியராக வர விருப்பம் என்று கேட்டால் அறநெறிப் பாடசாலை வகுப்பைப் பற்றிச் சொல்லட்டும், அதைவிட நல்ல பதில் அவளிடம் இல்லை. அப்புறம், ஜோர்ஜியா முகவருக்கு முற்பணம் ஏதும் கட்டியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். பெரியம்மாவுக்குப் பதில் சொல்வது உங்கள் வேலை, மகளிடம் தள்ளாதீர்கள்.