மகள் தேகுவுக்குப் போகிறாள், எப்படித் தடுப்பது?

கேள்வி:

அக்கா, என் மகளுக்கு 24 வயது. கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கி, இப்போது ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்கிறாள். அதை விட்டுவிட்டுத் தென் கொரியாவில் தேகு என்ற நகரத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மாதம் 24 லட்சம் வொன் சம்பளம், வீடு இலவசம், ஒரு வருட ஒப்பந்தம் என்கிறாள். வட கொரியா பக்கத்தில் இருக்கிறது. மொழி தெரியாது. நாங்கள் மாட்டிறைச்சி தொடாத குடும்பம். நானும் அவளின் அப்பாவும் படாத பாடு பட்டு ஒரு இடத்தில் ஊன்றிய பிறகு, இவள் எதற்கு மறுபடியும் ஊர் மாற வேண்டும்? நீங்கள் கொரியாவில் இருந்ததாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இவளை எப்படித் தடுப்பது?

– பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்:

தங்கச்சி, தடுக்க வழி கேட்டு என்னிடம் வந்தது உங்கள் கெட்ட காலம். 2013இல் நான் அதே தேகுவுக்குக் கிளம்பியபோது என் அம்மாவும் இதே பட்டியலைத்தான் ஒப்பித்தார். வட கொரியா, மாட்டிறைச்சி, தனியாக ஒரு பொம்பிளைப் பிள்ளை. ஆனாலும் போனேன், இரண்டு வருடம் இருந்தேன். அம்மா பயந்த எதுவும் என்னை வந்து தொடவில்லை. அழ வைத்த காரியங்கள் அம்மாவுக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது. உங்களுக்காவது அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் பட்டியலை முடித்துவிடுவோம். தேகு எல்லையில் இருந்து வெகு தெற்கே இருக்கிறது. அங்கே சனங்கள் வட கொரியாவைப் பற்றிப் பேசுவதைவிட வெயிலைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து தனியாக நடந்துதான் வீட்டுக்குப் போவேன். கடைகள் திறந்திருக்கும், தெருவுக்குத் தெரு கேமரா இருக்கும். மாட்டிறைச்சிக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்: "சோகோகி பெஜுசெயோ." மாட்டிறைச்சியை விட்டுவிட்டுத் தாருங்கள் என்று அர்த்தம். பிபிம்பாப் கடையில் இதைச் சொன்னால் போதும், காய்கறியும் முட்டையும் போட்ட சோறு வந்துவிடும். முழுச் சைவம் என்றால்தான் கஷ்டம், கிம்ச்சி என்கிற ஊறுகாயில்கூட மீன் சாறோ உப்பில் ஊறிய இறாலோ இருக்கும். நகரத்தின் மேற்கே சொங்சோ தொழிற்பேட்டைப் பக்கம் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். பருப்பு, மிளகாய்த்தூள், பாஸ்மதி எல்லாம் அங்கே கிடைத்தன.

இன்னொன்று, கொரியா என்றதும் குளிர் ஜாக்கெட்டாகப் பெட்டியை நிரப்பிவிடாதீர்கள். மார்கழி, தையில் குளிரத்தான் செய்யும். ஆனால் சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம் மாதிரி நகரம். கோடையில் சூடு உள்ளேயே கிடந்து வேகும். 1942இல் 40 பாகை தொட்ட ஊர் அது. அந்த ஊர்க்காரரே ஆப்பிரிக்காவோடு சேர்த்து 'தேப்ரிகா' என்று கேலி செய்வார்கள். பருத்திச் சட்டை நாலு கூட வையுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். மகள் 'அகடமி' என்று சொல்லியிருப்பாள். கொரியர் அதை ஹாக்வன் என்பார்கள். உங்களுக்கு விளக்கவே தேவையில்லை, பள்ளி விட்ட பிறகு காசு கட்டிப் படிக்கிற யாழ்ப்பாணத்து ரியூட்டரிதான். கொட்டிலுக்குப் பதில் ஏழு மாடிக் கட்டிடம், லிஃப்ட், ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஹாக்வன். கணக்குக்கு ஒன்று, பியானோவுக்கு ஒன்று, தேக்வொண்டோவுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. தேகுவில் சுசொங் என்ற பகுதி இதற்குப் பேர்போனது, பிள்ளையின் படிப்புக்காகவே வாடகை பார்க்காமல் அங்கே குடி போவார்கள். நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நடக்கிற நாளில், ஆங்கிலம் கேட்டு விடை எழுதும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நாடு முழுக்க விமானம் ஏறாது, இறங்காது. ஆங்கிலத்துக்கு அங்கே அவ்வளவு மரியாதை. பிள்ளைகளுக்கு அது அவ்வளவு பாரமும்கூட.

என் நாள் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும். முதலில் ஆறேழு வயதுக் குஞ்சுகள், பாட்டு, சித்திர அட்டை. இருட்ட இருட்டப் பெரிய பிள்ளைகள் வருவார்கள். இரவு எட்டு மணி வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான், அன்றைக்கு அவனுக்கு அது மூன்றாவது ஹாக்வன். கொப்பியில் தலை வைத்துத் தூங்கிவிடுவான். எழுப்பினால் சுருள் கம்பியின் தடம் கன்னத்தில் வரிவரியாக விழுந்திருக்கும். "சொன்செங்னிம், டயர்ட்" என்பான். சொன்செங்னிம் என்றால் ஆசிரியர், நம் 'ரீச்சர்' மாதிரி. அவனைத் தூங்க விடுவதா, எழுப்புவதா? கட்டணம் கட்டிய தாய்க்கு மாதக் கடைசியில் அறிக்கை எழுதுகிறவள் நான். ஐந்து நிமிடம் தூங்க விட்டுவிட்டு எழுப்புவேன். தேகுவில் இரவு பத்து மணிக்கு மேல் ஹாக்வன் நடத்தக்கூடாது என்று விதி இருக்கிறது. அது இல்லாவிட்டால் அவன் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவானோ.

அரசுப் பள்ளி வேலையும் உண்டு. 1995இல் தொடங்கிய திட்டம் அது. காலையில் போய் மாலையில் வரலாம், பக்கத்தில் ஒரு கொரிய ஆசிரியர் துணைக்கு நிற்பார், விடுமுறையும் அதிகம். ஆனால் பிள்ளைகள் இல்லாத விடுமுறைக் காலத்தில் ஆளில்லாப் பள்ளியில் மேசைக்கு முன்னால் சும்மா குந்தியிருக்க வைப்பார்கள். அந்தச் சலிப்பு பொறுக்காமல் வந்தவர்களும் என்னோடு வேலை செய்தார்கள். இருந்தாலும் முதல் தடவை போகிறவளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மகள் ஏற்கெனவே ஹாக்வனுக்குத் தலையாட்டிவிட்டாள் போலிருக்கிறது. சரி, விடுங்கள்.

அடுத்தது சொல்லக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். உங்கள் மகள் கனடாக்காரி. அங்கே எல்லோருக்கும் அப்படித் தெரியாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே படம் கேட்டிருப்பார்களே, அது ஏன் என்று அவளுக்குப் புரியும். நான் சேர்ந்த வாரம் ஒரு தாய் தொலைபேசியில் வொன்ஜாங்னிம்மிடம், அதாவது ஹாக்வன் முதலாளி அம்மாவிடம், "புது ஆசிரியர் இந்தியாவா?" என்று விசாரித்தார். "கனடாவில் பிறந்தவர், கனடா உச்சரிப்பு" என்று முதலாளி அம்மா நாலு தடவை சொன்னது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது. எனக்காகப் பேசினாரா, வியாபாரத்துக்காகப் பேசினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் அப்படி இல்லை. ஒருநாள் 'என் ஆசிரியர்' என்று படம் வரையச் சொன்னேன். ஒரு சின்னப் பெண் வழக்கமான வெளிர் ஆரஞ்சுக் கிரேயானை எடுத்து என் முகத்தைத் தீட்டத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். என் கையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பழுப்பை எடுத்து அதன் மேலேயே அழுத்தித் தேய்த்தாள். பக்கத்தில் இருந்தவன் "அது சல்செக் இல்லை" என்றான். சல்செக் என்றால் தோல் நிறம். அந்த வெளிர் ஆரஞ்சுக்கு முன்பு அதுதான் பெயர். அது பாகுபாடு என்று 2002இல் அந்த நாட்டு மனித உரிமை ஆணையமே சொல்லி, 2005இல் 'சல்குசெக்', அதாவது ஏப்ரிகாட் பழ நிறம் என்று மாறியது. பெட்டியில் மாறிவிட்டது, வீட்டுப் பேச்சில் பழைய சொல்தான். அவளோ பையனிடம், "இது எங்கள் ரீச்சரின் சல்செக்" என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்த்தாள். கிரேயான் முறிந்தது. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

தெருவில் வேறு கதை. கொரிய மொழியில் நம்மைப் போலவே நீயும் உண்டு, நீங்களும் உண்டு. சொங்சோவில் ஒரு கடைக்காரர் என்னை எடுத்த எடுப்பிலேயே 'நீ, வா, போ' என்று பேசினார். தொழிற்சாலைக்கு வந்தவள் என்று நினைத்திருப்பார். ஆங்கில ஆசிரியர் என்றேன். அடுத்த வாக்கியத்திலேயே 'நீங்கள்' வந்துவிட்டது, கூடவே ஒரு பிளாஸ்டிக் பை இலவசமாக. எனக்கு அது சந்தோஷமாக இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் இலங்கைப் பொடியன் ஒருவன் நின்றான். அவனுக்கு மறுபடியும் 'நீ'தான். இது உங்கள் மகளுக்கும் நடக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் முதல் தடவை திகைத்து நிற்க மாட்டாள்.

இப்போது ஒப்பந்தம். நீங்கள் பயப்பட வேண்டியது இந்தக் காகிதத்துக்குத்தான். இந்த வேலைக்கான ஈ-2 விசா ஏழு நாட்டுக் குடியுரிமைக்காரருக்குத்தான் கிடைக்கும், கனடா அதில் ஒன்று. (இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 2010இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தப்படி, ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்று உள்ளவர்களுக்குப் பள்ளியில் துணை ஆசிரியராக ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. ஹாக்வனுக்கு அது செல்லாது.) அந்த விசா வேலை தருகிறவரோடு கட்டப்பட்டது. நடுவில் வேறு இடம் மாற வேண்டுமென்றால் முதலாளி சம்மதித்துக் கடிதம் தர வேண்டும். நல்ல முதலாளி என்றால் அது நினைவிலேயே இருக்காது. மற்ற மாதிரி முதலாளி என்றால் எதைக் கேட்கவும் வாய் வராது.

ஒரு வருடம் முழுசாக முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை, இது சட்டம். அதைக் கொடுக்காமல் இருக்கப் பதினோராம் மாதத்தில் ஏதாவது குறை சொல்லி வீட்டுக்கு அனுப்புகிற பழைய வித்தை ஒன்று உண்டு. என் கூட வேலை செய்த ஒருத்திக்கு அதுதான் நடந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடம் என்றால், நியாயமில்லாமல் நிறுத்தினார்கள் என்று முறையிடவும் வழி குறைவு. அதனால் அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

ஓய்வூதியத்துக்கு என் காலத்தில் என் சம்பளத்தில் 4.5 சதவீதம், முதலாளி பங்கு 4.5 சதவீதம். 2026இல் இருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. கனடாக்காரர் நாட்டை விட்டு ஒரேயடியாகக் கிளம்பும்போது இரண்டு பங்கும் கையில் வரும், நல்ல தொகை. ஏழாம் மாதம் ஒரு தோழி தள்ளிக்கொண்டு போனதால் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். அலுவலர் என் பதிவு எண்ணைத் தட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று மாதம் கட்டியிருந்தது. நாலு மாதம் வெறும் கோடு. சம்பளச் சீட்டிலோ ஏழு மாதமும் பிடித்திருந்தது! கணக்கரின் பிழை என்றார் முதலாளி அம்மா, இரண்டு வாரத்தில் கட்டிவிட்டார். நான் அந்த அலுவலகப் படி ஏறியிராவிட்டால் பிழை யாருக்கும் தெரிந்திருக்காது. மகள் சேர்ந்த மூன்றாம் மாதமே போய்ப் பார்க்கட்டும். ஒப்பந்தத்தில் 3.3 சதவீதம் என்ற எண் கண்ணில் பட்டால் கையெழுத்தே வேண்டாம். ஊழியர் என்று காட்டாமல் சுயதொழில்காரர் என்று காட்டுகிற ஏற்பாடு அது. ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி இரண்டுக்கும் முதலாளி கட்ட வேண்டிய பங்கு போய்விடும். தகராறு என்றால் தொழிலாளர் அமைச்சுக்கு 1350, குடிவரவு விஷயத்துக்கு 1345.

வீட்டின் படத்தையும் கேட்டு வாங்கட்டும். ஒற்றை அறைதான் இருக்கும். குளியலறையில் தடுப்பு இருக்காது, ஊர்க் குளியலறை போல முழுக்க நனையும். தரைக்கு அடியில் சூடு ஓடும், குளிர்காலத்தில் பாய் விரித்துப் படுத்தால் சொர்க்கம். குப்பை மட்டும் கவனம். அந்தந்தப் பகுதிக்கென்று விற்கிற பையில்தான் போட வேண்டும், சாப்பாட்டுக் கழிவு தனி. நான் முதல் வாரம் சாதாரணப் பையில் கட்டி வைத்ததை வீட்டுக்கார ஆச்சி என் கதவடிக்கே கொண்டு வந்து, பிரித்து, தேயிலைச் சக்கையை ஒரு பக்கம், டப்பாவை ஒரு பக்கம் வைத்துக் காட்டிவிட்டுப் போனார். கோபமாகத்தான் செய்தார். அடுத்த நாள் ஒரு கிண்ணம் கிம்ச்சி வந்தது.

பத்திர வேலைகள் மகளுக்கே தெரிந்திருக்கும். பட்டச் சான்று, விரல் அடையாளம் வைத்த பொலிஸ் சான்று. பத்திரம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அப்போஸ்டில் முத்திரை 2024இல் இருந்து கனடாவிலும் வந்துவிட்டதால் எங்கள் காலத்து அலைச்சல் இல்லை. ஒன்றை மட்டும் நீங்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். கனடாவில் கஞ்சா 2018இல் இருந்து சட்டப்படி சரி. கொரியாவில் பெருங்குற்றம். போனதும் நடக்கும் உடல் பரிசோதனையில் போதைப்பொருள் சோதனையும் சேர்த்தி. யாரோ விருந்தில் கொடுத்த ஒரு துண்டு மிட்டாய் போதும், விசா போச்சு. உங்கள் பிள்ளை அப்படி இல்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லி வையுங்கள்.

அந்த ஹாக்வனில் இப்போது வேலை செய்கிற வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடு, முதலாளி பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவள் பேச வேண்டும். பேச விட மறுத்தார்கள் என்றால், அப்போது நீங்கள் கேட்ட தடுக்கும் வேலையை நானே செய்து தருகிறேன். ஒப்பந்தத்தைப் பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

கோடையில் அவளுக்கு வேலை முடிந்து வீடு வந்து சேரும் இரவு பத்தரை உங்களுக்குக் காலை ஒன்பதரை. அந்த நேரத்துக்குத் தேத்தண்ணியோடு போனைக் கையில் வைத்துக்கொண்டு இருங்கள். முதல் மாதம் தினமும் எடுப்பாள். நானும் எடுத்தேன்.