எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லை

கேள்வி: மேல் கடைவாய்ப் பல் வலிக்கு வேர் சிகிச்சை செய்தார்கள். வலி போகவில்லை. பிறகு பல்லையே எடுத்தார்கள். இப்போது பக்கத்துப் பல்லில் அதே வலி. எக்ஸ்ரே, ஸ்கேன் எதிலும் ஒன்றுமில்லை. "எல்லாம் மனசுதான், மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்கிறார் பல் மருத்துவர். நான் கற்பனை செய்கிறேனா? இந்தப் பல்லையும் எடுத்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நிலையில் ஒவ்வொரு பல்லாகப் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வலி கற்பனை இல்லை. காரணம் எதுவும் தென்படாமல், தினமும் 2 மணி நேரத்துக்கு மேல், 3 மாதங்களைத் தாண்டியும் நீடிக்கும் பல் வலிக்கு 2020-ல் வெளியான சர்வதேச வாய், முக வலி வகைப்பாட்டில் தனி இடமே உண்டு. பல்லில் நோய் இல்லாதபோதும் நரம்பும் மூளையும் வலியைத் தொடர்ந்து உணர்த்தும். அதனால்தான் பல் போன பிறகும் வலி போகவில்லை.

ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் சிலவற்றைப் பார்த்தாக வேண்டும். மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கு மேலேயே சைனஸ் என்னும் காற்றறை இருப்பதால் முதலில் அது, அப்புறம் பல் விரிசல், தாடைத் தசை. மின்சாரம் பாய்வதுபோல் நொடிநேரம் வெட்டி வெட்டி வந்தால் அது வேறு நரம்பு நோய். மரத்துப்போகும் ஊசி போட்டும் வலி முழுதாக அடங்கவில்லை என்றால், அந்தப் பல்லின் மேல் எனக்குச் சந்தேகம் குறைந்துவிடும்.

மனசுக்கு இதில் பங்கு உண்டு, "எல்லாம் மனசுதான்" என்ற அர்த்தத்தில் அல்ல. பயம், தூக்கமின்மை, அந்த இடத்தையே நாக்கால் தடவிப் பார்ப்பது, பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பது எல்லாம் வலியைக் கூட்டும். இதைப் படிக்கும்போதே கவனியுங்கள்: மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? சும்மா இருக்கையில் உதடு மூடியிருக்கலாம், பற்கள் தொடக் கூடாது. தொட்டால் தாடையைத் தளர்த்துங்கள். ஒரு நாளில் பலமுறை இதைச் செய்யச் சொல்வேன்.

இரவில் அமிட்ரிப்டிலின் மாத்திரையைக் குறைந்த அளவில் தருவதுண்டு. மனச்சோர்வு மருந்து என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு நிறுத்துபவர்கள் பலர். இங்கே அது நரம்பு வலிக்காகத் தருவது. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், வாய் உலரும், தூக்கம் வரும். இதய நோயோ கண் அழுத்த நோயோ இருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். கூடவே, வலியைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் பயிற்சியும் உதவும்.

அதனால் மனநல மருத்துவரிடம் தயங்காமல் போங்கள், பல் மருத்துவரையும் விட்டுவிடாதீர்கள். இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய வலி இது. பழைய எக்ஸ்ரேக்களோடு, வலி எப்போது கூடுகிறது, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் எப்படி என்று எழுதி எடுத்துப் போங்கள். முகம் மரத்துப்போனாலோ, வீக்கம் வந்தாலோ, புண் 2 வாரத்துக்கு மேல் ஆறாவிட்டாலோ மட்டும் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.