சிரிக்க வைத்துவிட்டு உள்ளுக்குள் அழுத கலைஞர் என்றால் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்?

எனக்கு ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ். ஆனால் அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் "சோகத்தை மறைத்து வாழ்ந்தவர்" கதையில் எனக்குப் பாதி சம்மதம்தான்.

நம்மில் பலருக்கு அவர் சுற்றுவழியில் அறிமுகமானவர். 1996 தீபாவளிக்கு வந்த அவ்வை சண்முகிக்கு மூலம், 1993இல் அவர் நடித்த மிஸஸ் டவுட்ஃபயர். நான் கமலைப் பார்த்துச் சிரித்து முடித்துப் பல வருஷம் கழித்துத்தான் டிவியில் அதைப் பார்த்தேன். மாமி வேஷத்தில் கமலை அடிக்க ஆளில்லை என்பது என் கட்சி. ஆனால் வேஷமெல்லாம் கலைந்தபின், பிள்ளைகளைப் பிரித்துவிடாதீர்கள் என்று நீதிபதியிடம் ராபின் கெஞ்சும் காட்சியைச் சிரிப்புப் படத்தில் நான் எதிர்பார்க்கவே இல்லை.

அவர் தன் கஷ்டத்தை மறைத்த ஆளா? கொக்கெய்ன் பழக்கம், வருஷக்கணக்கில் விட்டிருந்த குடி திரும்ப வந்தது, 2006இல் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தது, 2009இல் இதய வால்வு அறுவை சிகிச்சை என்று எல்லாவற்றையும் மேடையில் சொல்லிச் சிரிக்க வைத்தார். அடுத்தவர் துன்பத்திலும் அதே வைத்தியம்தான். 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்து கிடந்த நண்பர், சூப்பர்மேன் பட நாயகன் கிறிஸ்டோஃபர் ரீவைப் பார்க்க, டாக்டர் உடையில், ரஷ்யக்காரர் மாதிரி இங்கிலீஷ் பேசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். விபத்துக்குப் பிறகு தான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று ரீவ் பின்னாளில் சொன்னார்.

2014 ஆகஸ்ட் 11. வயது 63. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மன அழுத்தம் என்றார்கள். கோமாளியின் கண்ணீர் என்று உலகமே எழுதியது. ஆஸ்கர் அகாடமி, அவர் குரல் கொடுத்த அலாவுதீன் படத்து பூதத்தை வைத்து "உனக்கு விடுதலை" என்று ட்வீட் போட்டது. சாவை விடுதலை என்று காட்டலாமா என்று தற்கொலைத் தடுப்பில் இருப்பவர்கள் கண்டித்தார்கள். சரியான கண்டனம்தான்.

மூன்று மாதம் கழித்துப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தபோது வேறு கதை வெளிப்பட்டது. லூயி பாடி நோய். மூளை செல்களுக்குள் ஒரு புரதம் கட்டிகட்டியாகச் சேர்ந்து நினைவு, நடை, தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் குலைக்கும். அதே ஆண்டு மே மாதம் அவருக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் என்று சொல்லியிருந்தார்கள். அது பாதி விடைதான். தனக்கு மறதி நோயா, மனச்சிதைவா என்று டாக்டர்களிடம் கேட்டிருக்கிறார். இல்லை என்றே பதில். மனைவி சூசன் இதையெல்லாம் 2016இல் நரம்பியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். மூளையை ரீபூட் செய்ய முடிந்தால் போதும் என்று ராபின் புலம்பியதும் அதில் இருக்கிறது.

இந்த நோய் எனக்குக் கேள்விப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. என் அத்தைக்கு வந்தது. கொல்லையில் யாரோ நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், காபி கொடு என்பார். மறுநாள் காலையில் தெளிவாக உட்கார்ந்து பால் கணக்குப் பார்ப்பார். "வேணும்னே பண்றா" என்று சொன்னவர்களும் உண்டு. முதலில் பார்த்த டாக்டர் மனநோய் என்று கொடுத்த மாத்திரையில் ஒரே வாரத்தில் எழுந்து நடக்கவே முடியாமல் போய்விட்டது. லூயி பாடி உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரைகளில் சில ஆகவே ஆகாது என்பதைப் பிறகு வந்த நரம்பியல் டாக்டர்தான் சொன்னார். வாசனை தெரியாமல் போவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாத பயம், கை நடுக்கம் என்று சூசன் எழுதியிருந்த ஒவ்வொன்றையும் நாங்கள் வீட்டில் பார்த்திருந்தோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இவை சேர்ந்து தெரிந்தால் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கோடாங்கி பிறகு இருக்கட்டும்.

அதனால்தான் பாதி சம்மதம் என்றேன். தனக்கு என்ன நோய் என்றே தெரியாத மனிதர் எதை மறைத்திருக்க முடியும்? ஆனால் திணறலை மறைத்தார், அது உண்மை. 2011இல் நியூயார்க்கின் பிராட்வே மேடை நாடகத்தில் நூற்றுக்கணக்கான வரிகளை ஒரு பிசகில்லாமல் பேசியவர், மூன்றே வருஷத்தில் நைட் அட் தி மியூசியம் மூன்றாம் பாகத்தின் படப்பிடிப்பில் ஒரு வரியை நினைவில் வைக்க முடியாமல் தவித்தார். எப்படிச் சிரிக்க வைப்பது என்றே மறந்துபோச்சு என்று மேக்கப் போடுபவரிடம் அழுதிருக்கிறார். அவர் இறந்த நாலு மாதத்தில் படம் வெளியானது. இதெல்லாம் படித்த பிறகு, எங்கே தடுமாறுகிறார் என்று தேடுவதற்காகவே அதை மறுபடி போட்டுப் பார்த்தேன். பழைய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டாகக் குதிரைமேல் வருகிறார், பேசுகிறார், சிரிப்பும் வருகிறது. எனக்கு ஓர் இடம்கூடப் பிடிபடவில்லை.