108-ஐ அழைத்தால் மறுமுனையில் என்ன நடக்கிறது? கேள்வி பதில்

108 கட்டுப்பாட்டு அறையில் அழைப்பெடுக்கும் வேலையில் இருந்தவள் என்று சொன்னதும் ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். தமிழ்நாட்டு 108 பற்றித்தான் பேசுகிறேன். மற்ற மாநிலங்களில் நடைமுறை கொஞ்சம் மாறும்.

கேள்வி: அக்கா, ஆள் மயங்கிக் கிடக்கும்போது எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, பக்கத்தில் என்ன கடை என்று வரிசையாகக் கேட்கிறார்கள். முதலில் வண்டியை அனுப்பிவிட்டுக் கேட்கக்கூடாதா?

எங்கே அனுப்புவது தம்பி? மாநிலம் முழுவதிலிருந்தும் அழைப்புகள் கட்டுப்பாட்டு அறையில் வந்து விழுகின்றன. உங்கள் ஊர் 'பெரிய தெரு' அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. "மாரியம்மன் கோயில் பக்கத்துல" என்பார்கள். மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் ஏது? மாவட்டம், ஊர், தெரு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு அடையாளம் என்று இந்த வரிசையில் சொன்னால் போதும்.

இடமும் பிரச்சினையும் பதிவானதும் விவரம் வண்டி ஒதுக்கும் மேசைக்குப் போய்விடும். அருகில் சும்மா இருக்கும் வண்டி எது என்று அவர்கள் ஜி.பி.எஸ்-இல் பார்ப்பார்கள். உங்களிடம் "மூச்சு இருக்கா, பேசுறாரா" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பியிருக்கலாம். அதனால் கேள்வி கேட்பதால்தான் தாமதம் என்று நினைக்காதீர்கள். நோயின் கதையை முதலில் சொல்லி, இடத்தைக் கடைசியில் சொல்வதில்தான் நேரம் போகிறது.

கேள்வி: நெடுஞ்சாலையில் விபத்தைப் பார்த்தால் எப்படி இடம் சொல்வது? சுற்றிலும் பொட்டல்காடு.

ஓரத்தில் கிலோமீட்டர் கல் இருக்கும், அந்த எண்ணைச் சொல்லுங்கள். கடைசியாகத் தாண்டிய சுங்கச்சாவடி, மேம்பாலம், ஊர்ப்பலகை எதுவானாலும் உதவும். அதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: எந்தப் பக்கச் சாலை? விழுப்புரம் அருகே விபத்து என்றால், சென்னை போகும் பக்கமா, திருச்சி போகும் பக்கமா? நடுவில் தடுப்பு இருக்கிறது. வண்டி எதிர்ப்பக்கம் வந்துவிட்டால், அடிபட்டவர் கண்ணுக்குத் தெரிந்தாலும் அடுத்த திருப்பம் வரை போய்த்தான் வரவேண்டும்.

எத்தனை பேருக்கு அடி, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா, டேங்கர் லாரி ஏதாவது கவிழ்ந்திருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். ஒரு வண்டி போதுமா, தீயணைப்பும் வேண்டுமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணும் உண்டு.

கேள்வி: உதவப் போய் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமா சார்?

சார் இல்லை, மேடம்! பரவாயில்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவு யார் தலையில் விழும் என்ற பயமும் வேண்டாம். 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சை வரம்புக்குட்பட்டு இலவசம்.

கேள்வி: நான் பெங்களூரில் இருக்கிறேன். அம்மா தென்காசிப் பக்கம் தனியாக இருக்கிறார். இங்கிருந்தே 108 அழைக்கலாமா?

அழைத்தால் கர்நாடகத்துக்குத்தான் போகும். இதே நீங்கள் சென்னையில் இருந்தால் பிரச்சினையில்லை. ஓசூர் போன்ற எல்லை ஊர்களில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: பக்கத்து மாநில டவரைப் பிடித்திருந்தால் அழைப்பு அங்கே போய்விடும், அதனால் மாநிலத்தை முதலில் சொல்லுங்கள். உங்கள் விஷயத்தில், அம்மா வீட்டருகே இருக்கும் இரண்டு பேரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓடிப்போய்ப் பார்த்து 108 அடிப்பதற்கு அவர்கள்தான் சரி.

கேள்வி: அழைத்த பிறகு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

போனைச் சும்மா விடுங்கள்! அழைத்து முடித்த கையோடு மாமா, சித்தப்பா, மச்சான் என்று எல்லாருக்கும் தகவல் சொல்லத் தொடங்குவார்கள். வழி கேட்க வண்டியிலிருந்து பைலட் (ஓட்டுநரை அப்படித்தான் சொல்வோம்) அழைத்தால் 'பிஸி' என்று வரும். தெரியாத எண் என்று எடுக்காமல் விடுபவர்களும் உண்டு. ஒருவர் தெருமுனையில் போய் நிற்கட்டும், இரவென்றால் டார்ச்சோடு. வாசல் விளக்கைப் போடுங்கள், நாயைக் கட்டுங்கள், பழைய மருந்துச் சீட்டை எடுத்து வையுங்கள்.

ஆள் அசைவில்லாமல், மூச்சில்லாமல் கிடந்தால் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் ஐந்து செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வண்டி வரும்வரை நிறுத்தக்கூடாது. தண்ணீர் தெளிப்பதும் வாயில் சோடா ஊற்றுவதும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருமுனையிலேயே ஒரு 108 நிற்கும். அன்றைக்கு வேறு எங்கிருந்தோ வந்தது. ஏன்?

அது ஏற்கெனவே வேறு ஒருவரை ஏற்றப் போயிருக்கும். இல்லாவிட்டால் அது பச்சிளங்குழந்தைகளுக்கான தனி வண்டியாக இருந்திருக்கும்.

கேள்வி: காய்ச்சலுக்கு அழைக்கலாமா? டயாலிசிஸுக்கு?

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுந்து பேச்சு குழறுவது, மூச்சுத்திணறல், வலிப்பு, பாம்புக்கடி, விஷம், தீக்காயம், நிற்காத ரத்தம், பிரசவ வலி. இவற்றுக்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரவும் வேண்டாம், கடித்த இடத்துக்கு மேல் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். சாதாரணக் காய்ச்சலுக்கு ஆலோசனை வேண்டுமென்றால் 104. மாதம் முழுக்க நடக்கும் டயாலிசிஸுக்கு வேறு ஏற்பாடுதான். அரசு மருத்துவமனையில் பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீடு திரும்ப 102. உயிர் போன பிறகு 108 ஏற்றாது. அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுபோக 155377-இல் இலவச வண்டி கிடைக்கும்.

சந்தேகமாக இருந்தால் 108-ஐயே அழையுங்கள். அவசரமா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அங்கே இருப்பவர்களிடம் விடுங்கள், திட்ட மாட்டார்கள். சேவை முழுக்க இலவசம், யார் கேட்டாலும் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: 112-ம் 108-ம் ஒன்றா?

112 நாடு முழுவதற்குமான பொது எண். போலீஸ், தீயணைப்பு, மருத்துவம் எதற்கும் அழைக்கலாம். ஆம்புலன்ஸ் மட்டும் போதுமென்றால் 108 நேர்வழி.

கேள்வி: என் மூன்று வயது மகன் போனை நோண்டி 108-க்கு அடித்துவிட்டான். பயந்துபோய் உடனே வைத்துவிட்டேன். ஏதாவது ஆகுமா?

ஒன்றும் ஆகாது. ஆனால் வைக்காமல், "குழந்தை அடித்துவிட்டான், இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வையுங்கள். பேச்சில்லாமல் துண்டித்தால், பேச முடியாத நிலையில் யாரோ இருக்கிறார்களோ என்று திரும்ப அழைத்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்துக்கு அங்கே ஒரு ஆள் குறைவு.