மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறேன், எலக்ட்ரிக் கார் வாங்கலாமா? சார்ஜ் ஏறாமல் பாதியில் நின்றுவிடுகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், எனக்கே நடந்தது. ஆனால் காரைத் திட்டும் முன் உங்கள் வீட்டு எர்த்தைப் பாருங்கள், அதாவது கசியும் கரன்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பை.

நீங்கள் மாடி போர்ஷனில் இருந்துகொண்டு, கீழே ஒரு 15 ஆம்ப் பிளக் பாயின்ட்டை நம்பி வண்டி எடுக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் எடுத்தேன். என்ன, எனக்குச் சொந்த வீடு. திருநகரில் 2001-இல் கட்டியது.

வண்டி வந்த வாரமே சார்ஜர் மாட்ட ஒருவரை அனுப்பினார்கள். இருபது நிமிடத்தில் மாட்டிவிட்டு, ஒரு தாளில் ‘எர்த் ஓகே’ என்று டிக் அடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பையிலிருந்து மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் கையெழுத்துப் போட்டேன், இன்றைக்கும் அதுதான் உறுத்துகிறது.

அதற்கப்புறம் வாரத்தில் இரண்டு நாளாவது நடுராத்திரியில் சார்ஜ் நின்றுவிடும், காலையில் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும். சர்வீஸுக்கு மூன்று முறை கொண்டுபோனேன். அங்கே மாட்டினால் ஒழுங்காக ஏறும். “வண்டியில குறை இல்ல சார்” என்று அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பார்க்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அவர் இருப்பது பேரையூர்ப் பக்கம், போக வர தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தவன் நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் 19 சதவீதத்தில் நிற்கிறது. நான்குவழிச் சாலையில் இருந்த ஃபாஸ்ட் சார்ஜருக்கு ஓடினேன். ஆப்பில் காலியாக இருக்கிறது என்று காட்டியது, கன்னை மாட்டினால் ஸ்டார்ட் ஆகவில்லை. வாடகை டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, அப்பா ஐந்து மணியிலிருந்து மஞ்சப்பையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “ராத்திரியே பஸ்ல வந்திருப்பேனேப்பா” என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் போவதற்குள் நேரம் தாண்டிவிட்டது. ஆபரேஷன் மறுவாரத்துக்குப் போனது.

அன்று சாயங்காலம் தெருவில் ஒயரிங் வேலை பார்க்கும் பெரியவரை அழைத்து வந்தேன். அவர் ஒரு குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். எர்த் நன்றாக இருந்தால் பளிச்சென்று எரிய வேண்டிய பல்பு மங்கலாக அழுதது. (ஆர்.சி.சி.பி., அதாவது கரன்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் சுவிட்ச், இருக்கும் வீட்டில் இப்படிச் செய்தால் அது ட்ரிப் ஆகிவிடும். எங்கள் வீட்டில் அப்போது அது இல்லை. நீங்களாக இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) மீட்டர் வைத்தபோது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் 28 வோல்ட். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. தோண்டிப் பார்த்தால் மண்ணுக்குள் இருக்கும் எர்த் பைப் துருப்பிடித்து, மண் காய்ந்து பொடியாகிக் கிடந்தது.

ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் எர்த் இல்லாமலும் ஓடும், அதனால் இருபது வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. கார் சார்ஜர் அப்படி இல்லை. எர்த் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், சந்தேகம் வந்தால் நிறுத்திவிடும். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். ஈரக் கையோடு தொடாதே என்று பிள்ளைகளிடம் சொல்லியே பழகியிருந்தோம். அதை இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. சார்ஜர் நின்று நின்று எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

புதிதாக எர்த் குழி, மீட்டர் பெட்டியிலிருந்து தனியாகத் தடிமனான 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர், 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டோம். பழைய பிளக் பாயின்ட்டின் பின்பக்கம் உருகியிருந்தது. 15 ஆம்பியர் ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் சாதாரண சாக்கெட் தாங்காது.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட எண்பதாயிரம் கொடுப்பவர்கள், ஒயரிங்காரரிடம் இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார்கள். என் அக்கா மகன் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், நல்ல வேலைக்காரன். இங்கே கூலிக்கு நடையாய் நடந்து அலுத்து குவைத்துக்குப் போய்விட்டான். நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று அப்புறம் புலம்பி என்ன செய்ய?

நான் பெட்ரோல் வண்டிக்கு வக்காலத்து வாங்கவில்லை. எல்லாக் கோளாறும் வீட்டு ஒயரிங்கால்தான் என்றும் சொல்லவில்லை. ஹூண்டாய் ஐயோனிக் 5-இல் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் பாகத்தில் குறை என்று 2024-இல் இந்தியாவிலேயே 1,744 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்தச் சின்ன பேட்டரி இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் வண்டி உயிர் பெறாது. அது கம்பெனி சரிசெய்ய வேண்டியது, நம் கையில் இல்லை.

உங்களுக்கு வாடகை வீடு என்பதால், புக்கிங் பணம் கட்டும் முன்பே ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எர்த்தை அளந்து பார்த்துவிடுங்கள். சரியில்லை என்றால் வீட்டுக்காரரிடம் அந்த அளவைக் காட்டிப் பேசுங்கள். எர்த் அவர் வீட்டுக்கும்தான். செலவில் பாதி தருகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முடியவே முடியாது என்றால் இந்த வீட்டில் இருக்கும்வரை வண்டி எடுக்காதீர்கள்.

குழி போட்டதிலிருந்து ஒரு நாள்கூட சார்ஜ் நிற்கவில்லை. சித்திரை, வைகாசியில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்ற வேண்டும். அப்பா வந்திருந்தால் அவரே ஊற்றிவிடுகிறார்.