கதை தெரிந்திருக்கிறது, கட்டுரைதான் இன்னும் வரவில்லை

வணக்கம். பள்ளி இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள் இலக்கியப் பாடத்துக்காக மாதக்கணக்கில் இருண்ட நாவல்களையே படிக்கிறார் என்றும், அத்தனை படித்தும் கட்டுரையில் பாதி மதிப்பெண்ணைத் தாண்ட முடியவில்லை என்றும், இதெல்லாம் நாளை எந்த வேலைக்கு உதவப்போகிறது என்றும் மூன்று கவலைகளை ஒரே மூச்சில் எழுதியிருந்தீர்கள். உடன் அனுப்பியிருந்த அவருடைய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது கவலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் மொழி எப்படி அதிகாரத்தின் கருவியாகிறது என்பது கேள்வி. உங்கள் மகள் எழுதிய நான்கு பக்கங்களில் மூன்று பக்கம் கதைச்சுருக்கம். கதையை அவர் பிசகில்லாமல் சொல்லியிருக்கிறார். ஆனால் திருத்துபவருக்கும் அந்தக் கதை தெரியும். மீதிப் பக்கத்தில், ‘ஆசிரியர் கொடூரமான ஓர் எதிர்காலத்தைக் காட்டி நம்மை எச்சரிக்கிறார்’ என்பது போன்ற வாக்கியங்கள் வருகின்றன. இத்தகைய வாக்கியங்களுக்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு: நாவலின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு டிஸ்டோபிய நாவலின் (கொடுமையாகிப்போன கற்பனைச் சமூகத்தைக் காட்டும் நாவலின்) பெயரைப் போட்டாலும் வாக்கியம் அப்படியே பொருந்துமானால், அதை அடித்துவிடலாம்.

அதற்குப் பதிலாக என்ன எழுதுவது? அந்த நாவலின் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் மாதத்தின் குளிர்ந்த, வெளிச்சமான ஒரு நாள். கடிகாரங்கள் பதின்மூன்று முறை அடிக்கின்றன. முற்பாதி எந்த நாவலிலும் வரக்கூடிய வானிலைக் குறிப்பு. பிற்பாதியில் நமக்குப் பழக்கமான கடிகாரமே மாறிப்போயிருக்கிறது. இராணுவத்தின் இருபத்துநான்கு மணிக் கணக்கு அன்றாட வாழ்வுக்குள் நுழைந்துவிட்டதைப் போன்ற எண்ணத்தையும், பலர் ராசியில்லாததாகக் கருதும் எண்ணின் நெருடலையும் அந்த ஒரு சொல் ஒருசேரத் தருகிறது. இதைவிட முக்கியமானது, அந்த வாக்கியத்தில் யாரும் திடுக்கிடவில்லை என்பது. விபரீதம் வழக்கமாகிவிட்ட உலகம் இது என்பதை, விளக்கமே இல்லாமல், வாக்கியத்தின் சாதாரணத் தொனியே சொல்லிவிடுகிறது. இந்த அளவுக்கு ஒரு பத்தி எழுதினால், அது மூன்று பக்கக் கதைச்சுருக்கத்தைவிட அதிக மதிப்பெண் பெறும்.

இன்னொரு குறை, எல்லா டிஸ்டோபிய நாவல்களையும் ‘அரசின் அடக்குமுறை’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது. 1932இல் வெளிவந்த ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ நாவலில் மக்களை அடக்கிவைப்பது வலியைவிட இன்பம்தான். மனம் சற்றுச் சோர்ந்தாலும் விழுங்குவதற்கு சோமா மாத்திரை இருக்கிறது. 1949இல் வெளிவந்த ‘1984’இல் கண்காணிப்பும் சித்திரவதையும் அந்த வேலையைச் செய்கின்றன. 1953இல் வந்த பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’இல் புத்தகங்களை எரிக்கும் தீயணைப்புப் படையின் தலைவரே, இது அரசாங்கம் மேலிருந்து தொடங்கியதல்ல, மக்களே வாசிப்பைக் கைவிட்டார்கள் என்ற பொருளில் பேசுகிறார். அவர் சொல்வதை அப்படியே நம்பலாமா என்பது தனிக் கேள்வி. நல்ல கட்டுரை அந்தக் கேள்வியையும் எழுப்பும். இந்த வேறுபாடுகளிலிருந்துதான், மறுத்துப் பேச இடமுள்ள ஒரு வாதம் பிறக்கும். அந்த வாதம் முதல் பத்தியிலேயே ஒரே வாக்கியத்தில் வந்துவிட வேண்டும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, வாரம் ஒரு முழுக் கட்டுரை எழுதச் சொல்லி அவரை வருத்த வேண்டாம். வாரத்துக்கு இரண்டு பத்திகள் போதும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு சிறு மேற்கோளைப் பற்றியதாக இருக்கட்டும். மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வதை நான் உறுதியாக எதிர்க்கிறேன், ஏனெனில் கேள்வி சற்றுத் திரும்பினாலும் மனப்பாடம் செய்த விடை பழைய கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். தேர்வறையில் முதல் பத்து நிமிடங்களைத் திட்டமிடுவதற்கு ஒதுக்கினால் அது நேர விரயமாகாது.

இருண்ட கதைகள் மனத்தைக் கெடுத்துவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். தூக்கமோ உணவோ குறைந்தால் அவரிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் பள்ளி ஆலோசகரையும் பாருங்கள்; அப்படி எதுவும் இல்லையென்றால் படிக்க விடுங்கள்.

வேலை பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: டிஸ்டோபிய நாவலைப் படித்ததற்காக யாரும் வேலை கொடுக்கப்போவதில்லை. ஆனால், கையில் இருக்கும் ஆவணத்தைச் சொல் சொல்லாக வாசித்து, அதிலிருந்து ஒரு முடிவை எட்டி, ஆதாரம் காட்டி, எதிர்வாதத்துக்கும் பதில் சொல்வது வழக்கறிஞருக்கும் பத்திரிகையாளருக்கும் கொள்கை ஆய்வாளருக்கும் அன்றாட வேலை. உங்கள் மகள் பொறியியலையே தேர்ந்தெடுத்தாலும் திட்ட அறிக்கை எழுதியாக வேண்டும். ஆகவே, இந்த ஒரு பாடத்தின் மதிப்பெண்ணை வைத்து அவர் எந்தப் பட்டப்படிப்புக்குப் போவது என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த முறை எனக்கு ஒரே ஒரு பத்தி அனுப்பச் சொல்லுங்கள். ‘1984’இன் கதை நாயகனின் முழுத் தோல்வியில் முடிகிறது, அதன் பின், மக்களின் சிந்தனையைச் சுருக்குவதற்காக நாவலில் வரும் ஆட்சி உருவாக்கிய ‘நியூஸ்பீக்’ மொழியைப் பற்றிய ஒரு பின்னிணைப்பு வருகிறது. அந்தப் பின்னிணைப்பு அம்மொழியை இறந்தகாலத்தில் பேசுகிறது. அப்படியானால் அந்த ஆட்சி பின்னர் வீழ்ந்துவிட்டதா, அல்லது அது வெறும் எழுத்து மரபுதானா? ஏதேனும் ஒரு பக்கம் நின்று, பின்னிணைப்பிலிருந்து இரண்டு சொற்றொடர்களை மட்டும் ஆதாரமாகக் காட்டி அவர் எழுதட்டும்.