எல்லாமே கற்பனை என்றான பிறகு, கதையில் தர்க்கம் எதற்கு?

இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில், பதில் தெரிந்துவிட்ட தோரணையில் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். அந்நாளில் யார் கண்ணுக்கும் புலப்படாத ஒருவனைப் பற்றிச் சிறுகதை எழுதி, நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். "ஒளி அவன் உடலை முழுவதுமாக ஊடுருவிப் போகிறதென்றால், அவனுக்குக் கண் எப்படித் தெரிகிறது?" என்று மட்டும் கேட்டார். விழித்திரை ஒளியை உட்கொண்டால்தான் பார்வை உண்டு. உட்கொண்டால் அந்த இடமாவது பிறருக்குத் தெரிந்துவிடும். கதைதானே என்று மழுப்பிவிட்டேன். ஆனாலும் மனம் ஆறாமல், அவனைப் பார்வையற்றவனாகவே ஆக்கித் திரும்ப எழுதியபோது, எவராலும் காணப்படாமலும் எவரையும் காண இயலாமலும் வாழ்கிற ஒருவனின் தனிமை, முதல் வடிவில் எனக்குத் தோன்றவே தோன்றாத அந்த விஷயம், தானாகவே கதைக்குள் வந்து சேர்ந்தது.

பிற்பாடுதான் எச். ஜி. வெல்ஸ் 1897இல் வெளியிட்ட, கண்ணுக்குப் புலப்படாத மனிதனைப் பற்றிய நாவலைக் கவனமாகப் படித்தேன். விழித்திரைச் சிக்கலை அவரும் யோசித்திருக்கிறார். கண்ணின் பின்புறத்தில் மங்கலான நிறமி மட்டும் எஞ்சியதாக எழுதுகிறார். உடல்தான் மறைகிறது, உடை மறைவதில்லை. ஆகவே அவன் கடுங்குளிரிலும் ஆடையின்றி அலைய வேண்டியிருக்கிறது. உண்ட உணவு உடலோடு கலக்கும்வரை வெளியே தெரியும் என்பதால் நிம்மதியாகச் சாப்பிடவும் வழியில்லை. அந்த நாவலின் பதற்றத்தில் பெரும்பகுதி இத்தகைய விளைவுகளிலிருந்தே பிறக்கிறது. நடக்கவே முடியாத ஒன்றுக்கு வாசகரின் நம்பிக்கையை ஒருமுறை கேட்டுப் பெற்ற பின், மற்றவற்றுக்கான நம்பிக்கையை ஆசிரியர் உழைத்தே ஈட்டுகிறார்.

இதை வைத்து, எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. காஃப்காவின் 1915ஆம் ஆண்டுக் குறுநாவலில் ஒருவன் காலையில் விழிக்கும்போது பூச்சியாக மாறியிருக்கிறான். ஏன் என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. ஆனால் ரயிலைத் தவறவிட்ட கவலை, வீடு தேடி வரும் அலுவலக அதிகாரி, வருமானம் நின்ற குடும்பத்தின் நெருக்கடி என்று அடுத்தடுத்து நிகழ்பவை எல்லாம் பிசகாமல் ஒன்றிலிருந்து ஒன்று விளைகின்றன. காரணத்தை மறைக்க எழுத்தாளனுக்கு உரிமை உண்டு, விளைவை மறக்க இல்லை என்பது என் கருத்து. அரிஸ்டாட்டிலும் தம் கவிதையியலில், நடக்கக்கூடியதாயினும் நம்பத்தகாததைவிட, நடக்க இயலாததாயினும் நம்பத்தக்கதையே கவிஞன் தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறார்.

பாத்திரங்களின் செயலில் தர்க்கம் பார்ப்பது வேறு கதை. மனிதர்கள் முட்டாள்தனமாக நடப்பார்கள், நடக்கவும் வேண்டும், அந்த முட்டாள்தனம் அவர்களுடையதாக இருந்தால் போதும். கதாசிரியரின் வசதிக்காக ஒருவர் திடீரென்று அறிவிழந்தால் மட்டும் எனக்குப் புத்தகத்தை மூடத் தோன்றும்.

முதல் வரைவு எழுதும்போது நான் இவற்றில் எதையும் நினைப்பதில்லை. சில வாரம் கழித்து எடுத்துப் படிக்கையில், அந்த நண்பரின் இடத்தில் அமர்ந்து கேள்வி கேட்கத் தொடங்குகிறேன்.